பதினேழாவது நிமிடத்தில் நின்ற நாடா: ஒரு கரைவலை அம்பா ஒலிப்பதிவின் நிகழ்வு ஆய்வு

கசெட்டின் மேல் ஒட்டியிருந்த தாளில் நீல மையில் ஒரு பெயரும் அதன் பக்கத்தில் 'கரைவலை' என்ற சொல்லும் இருந்தன. பெயர் வலை முதலாளியுடையது. பாடியவர் யார், கயிறு பிடித்தவர்கள் எத்தனை பேர், எந்தக் கரை, எந்த ஆண்டு என்ற விவரம் ஒன்றுகூட இல்லை. அறுபது நிமிட நாடா அது. ஒரு பக்கத்தில் அம்பா, அதாவது கரையில் நின்று மீன்வலை இழுப்பவர்கள் பாடும் பாட்டு; மறுபக்கத்தில் வானொலியிலிருந்து பதிந்த சினிமாப் பாடல்கள். வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் காலமான பின், வீட்டைத் துப்புரவு செய்த மகள் இதை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் கண்டெடுத்தார். கூடவே பழைய சம்பளத் துண்டுகளும் தொழிற்சங்கச் சந்தா ரசீதுகளும் இருந்தன. "அப்பா இதை எறியவும் விடவில்லை, போட்டுக் கேட்கவும் விடவில்லை" என்று சொல்லி என்னிடம் தந்தார்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடுகளில் கிடக்கும் கசெட்டுகளைப் பல ஆண்டுகளாகக் கணினிக்கு மாற்றி வருகிறேன். கலியாண வீடுகள், கோயில் சடங்குகள், கூத்து அரங்கேற்றங்கள், வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய குரல் கடிதங்கள் என்றுதான் பெரும்பாலும் வரும். வேலைப் பாட்டு வருவது அரிது. வேலை நடக்கும்போதே பதிந்த வேலைப் பாட்டு அதனிலும் அரிது. போர்க்கால இடப்பெயர்வுகளில் தூக்க முடியாமல் விட்டுச் சென்ற பொருள்களில் கசெட்டுப் பெட்டிகளும் இருந்தன. கடற்கரை வீடுகளில் எஞ்சியிருந்தவை 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையோடு போயின. கயிற்றடியில் வைத்தே பதிந்த அம்பா ஒன்று என் கைக்கு வந்தது இதுவே முதல் தடவை.

நாடாவை மீட்டது

நாடாவை ஒலிமுனையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தது. வேறொரு கசெட்டின் கூட்டைத் திருகாணி கழற்றித் திறந்து, இந்தச் சுருள்களை அதற்குள் மாற்றினேன். ஒலிமுனையை மதுசாரத்தால் துடைத்த பிறகு சாய்வைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பதிந்த கருவியின் ஒலிமுனை நின்ற சாய்வும் ஒலிக்க வைக்கும் கருவியின் சாய்வும் ஒத்துவராவிட்டால் கூர்மையான ஓசைகள் மங்கிப் போகும். சிறு திருகாணியை மயிரிழையாகத் திருப்பித் திருப்பி, இழுப்பவர்களின் மூச்சு தெளிவாகக் கேட்ட இடத்தில் நிறுத்தினேன். 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஒற்றைத் தடமாக எடுத்தேன். இந்த அளவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் இடம் பிடிக்கும்.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். அலையோசை பாட்டை மூடுகிறதே என்று, இரைச்சல் நீக்கும் மென்பொருளில் முதற் பிரதியைப் போட்டேன். கடல் போய்விட்டது. அம்பா எடுப்பவரின் குரல் பளிச்சென்று வந்தது. நல்ல வேலை செய்துவிட்டேன் என்ற திருப்தியோடு இரண்டு நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக் கேட்டபோதுதான் புரிந்தது: தூரத்துக் கயிற்றில் நின்று 'ஏலேலோ' என்று திருப்பிச் சொன்னவர்களையும் மென்பொருள் இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிட்டிருந்தது. ஒரே ஒரு பாடகர் ஆளில்லாத கரையில் நின்று பாடுவது போன்ற பதிவு என் கையில் இருந்தது. நான் அழித்தது பாட்டின் பாதியை. இந்த ஆய்வு முழுவதும் அந்தப் பாதியைப் பற்றியதுதான்.

கேட்டது

கரைவலையைக் காணாத வாசகர்களுக்காகச் சில வரிகள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, தோணி வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் அரைவட்டமாகச் சுற்றி வந்து மறுமுனையைக் கரை சேர்க்கும். பிறகு இரண்டு கயிறுகளையும் இரண்டு அணிகள் இழுக்கும். வலை நெருங்க நெருங்க அணிகளும் ஒன்றையொன்று நோக்கி நகரும். நடுவில் மீன் திரளும் பை மடி. மடி கரையேறும்வரை இழுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். தளர்ந்தால் மீன் வழிதேடிப் போய்விடும். அத்தனை கைகளையும் ஒரே கணத்தில் இழுக்க வைப்பது அம்பா. ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள், திருப்பிச் சொல்லும் அசையில் உடம்பு பின்னால் சாயும். தொடக்கத்தில் நிதானமாகப் போகும் அம்பா, மடி நெருங்கும்போது துரிதப்படும்.

எங்கள் நாடாவும் அப்படித்தான் தொடங்குகிறது. எடுப்பவர் பிள்ளையாரை அழைக்கிறார், கண்ணகை அம்மனை அழைக்கிறார், தோணியைப் புகழ்கிறார், கயிற்றில் நிற்கும் ஒருவரின் கலியாணப் பேச்சைக் கிண்டல் செய்கிறார். இழுப்பின் வேகம் நிமிடத்துக்குப் பதினைந்து. மறுகயிற்றின் 'ஏலேலோ' அரை விநாடிக்குச் சற்று மேலான தாமதத்தோடு வந்து விழுகிறது. எடுப்பவரின் குரல் அங்கே போய்ச் சேரவும் அவர்களின் மறுமொழி ஒலிவாங்கிக்குத் திரும்பி வரவும் அவ்வளவு நேரம் எடுக்கிறது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும் என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த நேரத்தில் இரு கயிறுகளுக்கும் இடையே கிட்டத்தட்ட 100 மீற்றர் இருந்திருக்க வேண்டும். தோராயமான கணக்கு என்றாலும் இது எனக்கு மிகவும் உதவியது. பதிமூன்றாம் நிமிடத்தில் அந்தத் தாமதம் இல்லாமலே போகிறது. இரு அணிகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன, மடி கிட்டத்தில் நிற்கிறது. வேகமும் அதற்கேற்ப நிமிடத்துக்கு இருபத்திரண்டாக ஏறியிருக்கிறது.

பதினைந்தாம் நிமிடத்தில் எடுப்பவர் புதிய விஷயத்துக்கு வருகிறார். கணக்குச் சொல்லத் தொடங்குகிறார். தோணிக்கு ஒரு பங்கு என்கிறார். வலைக்கு, கயிற்றுக்கு, கோயிலுக்கு என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறார். முதல் இரண்டு அடிகளுக்கும் திருப்பிச் சொல்லும் குரல் மெலிந்துவிடுகிறது. சிலர் சொல்லவே இல்லை. மூன்றாவது அடியில் யாரோ சிரிக்கிறார். நான்காவதிலிருந்து குரல்கள் கூடுகின்றன. ஐந்தாவது அடியில் இழுத்த கைக்கு எஞ்சியது என்ன என்று எடுப்பவர் கேட்கும்போது இரண்டு கயிறுகளும் ஒரே வாயாக 'ஏலேலோ' என்கின்றன. நாடா முழுவதிலும் அதைப்போல உரத்த இடம் வேறில்லை. அந்த நேரத்தில் இழுப்பின் வேகம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு. துரிதப்பட வேண்டிய இடத்தில் பாட்டு தளர்ந்திருக்கிறது.

ஆறாவது அடி பாதியில் நிற்கிறது. ஒலிவாங்கிக்கு மிக அருகிலிருந்து ஒரு குரல் "போதும், நிறுத்து" என்கிறது. 'டக்' என்று பொத்தான் ஓசை. அடுத்து வருவது மணலில் மீன் கொட்டும் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், காகங்கள். பாட்டு திரும்ப வரவே இல்லை.

வேறு காரணம் இருக்கலாமா என்று பார்ப்பது என் கடமை. பற்றரி தீர்ந்திருந்தால், பதியும்போது கருவி மெல்லச் சுழன்றிருக்கும். இன்று ஒலிக்கும்போது குரல் கீச்சென்று ஏறியிருக்கும். அப்படி எதுவும் இல்லை. எடுப்பவரின் சுருதி கடைசி அசைவரை ஒரே இடத்தில் நிற்கிறது. நாடாவும் முடியவில்லை, அதே பக்கத்தில் இன்னும் பல நிமிடம் வெற்றாக ஓடுகிறது. இதற்கு முன் மூன்று இடங்களில் பதிவு நிறுத்தித் தொடரப்பட்டிருக்கிறது. மூன்றும் அடி முடிந்து மூச்சு வாங்கும் இடங்கள். இந்த நான்காவது மட்டும் ஒரு சொல்லின் நடுவில் விழுகிறது.

சுருதி மாறவில்லை என்பதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. வேகக் குறைவு கருவியின் கோளாறு அல்ல. இழுத்தவர்கள் உண்மையாகவே மெதுவாக இழுத்தார்கள். மடி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும்போது கயிற்றைத் தளர்த்துவது முதலாளியின் நெஞ்சில் கைவைப்பதற்குச் சமம். ஆலைத் தொழிலாளி இயந்திரத்தை மெல்ல ஓட்டுவதும் இதுவும் ஒரே போராட்ட முறைதான். அவர்களுக்கு மாதச் சம்பளமில்லை, கோரிக்கைக் கடிதத்தை வாங்க ஓர் அலுவலகமில்லை, பதிவுசெய்த தொழிற்சங்கமுமில்லை. பாட்டின் வேகம் மட்டும் அவர்கள் கையில் இருந்தது.

மெதுவாகப் பாடுவதற்குள் இருக்கும் பலத்தை அமெரிக்கத் தொழிற்சங்க இயக்கமும் அறிந்திருந்தது. 1945 ஒக்டோபரிலிருந்து 1946 ஏப்ரல்வரை தென்கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் புகையிலை ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். நாள் முடிவில் லூசில் சிமன்ஸ் என்ற தொழிலாளி ஒரு தேவாலயப் பாட்டை மிக நீட்டி நிதானமாக எடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அது ஹைலண்டர் என்ற தொழிலாளர் கல்விக்கூடத்துக்குப் போய், அங்கிருந்து கறுப்பினத்தவரின் சிவில் உரிமை இயக்கத்துக்குப் போய், 'நாம் வெல்வோம்' என்ற பொருளில் உலகமெங்கும் பரவியது. உலகம் கேட்ட ஒலிப்பதிவுகள் பிற்காலத்தில் மேடைப் பாடகர்கள் தந்தவை. மழையில் நின்று அசை அசையாக இழுத்துப் பாடிய பெண்களின் கூட்டொலி இசைத்தட்டுக்கு வரவில்லை.

யாருடைய கருவி

நிறுத்தச் சொன்னவர் யார், நிறுத்தியவர் யார் என்ற கேள்வியோடு மகளிடம் திரும்பிப் போனேன். அவருக்கு அந்த நாள் நினைவிருந்தது. சூறாவளிக்கு அடுத்த ஆண்டு, கரையிலுள்ள தென்னைகளெல்லாம் தலையிழந்து நின்ற காலம் என்றார். சூறாவளி 1978 நவம்பர் 23. ஆகவே பதிவு 1979ஆம் ஆண்டின் கரைவலைக் காலத்தில், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நடந்திருக்கிறது. இடம் களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே ஒரு கரை. பொத்தானை அழுத்தியது அவருடைய தந்தைதான். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவர், ஆலையில் சங்கக் கிளையின் குழு உறுப்பினர்.

தொழிற்சங்கக்காரர் ஒருவரே பங்குக் கணக்குப் பாட்டை நிறுத்தினாரா? எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மகள் சொன்ன அடுத்த செய்தியில் அந்த முடிச்சு அவிழ்ந்தது. ரெக்கோடர் அப்பாவுடையதல்ல. மத்திய கிழக்குக்குப் போய் வந்த உறவினர் ஒருவர் வலை முதலாளிக்குக் கொண்டுவந்து கொடுத்தது. தன் கரைவலையின் அம்பாவை ஒரு ஞாபகமாகப் பிடித்து வைக்க முதலாளி விரும்பினார். கருவியை இயக்கத் தெரிந்தவர் என்று இவரைக் கூப்பிட்டார். "போதும், நிறுத்து" என்றது முதலாளியின் குரல். கசெட்டின் மேலுள்ள பெயர் ஏன் அவருடையது என்பதும் இதோடு விளங்கியது.

நாடா எப்படி முதலாளியின் வீட்டுக்குப் போகாமல் இவருடைய தகரத்துக்குள் வந்தது என்பதை மகளால் சொல்ல முடியவில்லை. கொடுக்காமல் வைத்துக்கொண்டார் என்றே நான் நம்புகிறேன். அடுத்த ஆண்டு, 1980 ஜூலையில், நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தார்கள். சந்தா ரசீது இருந்த வீடுகளில் பேச்சுக் குறைந்தது. போட்டுக் கேட்க விடாத அந்தத் தந்தையை அந்தக் காலத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். போடியார்மார் என்ற பெருநிலக்காரரின் வயல்களில் நெற்சூடு மிதித்து எஞ்சிய வைக்கோலைக் கூழாக்கித் தாள் செய்த ஆலை அது. வயலும் ஆலையும் கடலும் தனித்தனி உலகங்கள் இல்லை என்பதைத் தினமும் கண்ணால் கண்ட மனிதர் அவர்.

ஒரு பதிவைக் கேட்கும்போது கருவி யாருடையது என்று கேட்பது இப்போது என் முதல் வேலையாகிவிட்டது. ஜோன் ஹேண்ட்கொக்ஸ் என்ற ஆர்கன்சோ மாநிலத்துக் குத்தகை விவசாயியை எடுத்துக்கொள்கிறேன். 1934இல் அங்கே தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கம் தொடங்கியது. அதற்காகப் பாட்டுக் கட்டிப் பாடி ஊர் ஊராக ஆள் சேர்த்தவர் அவர். உயிருக்கு அச்சுறுத்தல் வந்து ஊரைவிட்டு வெளியேறினார். 1937இல் வொஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்துக்காக சார்ள்ஸ் சீகரும் சிட்னி ரொபர்ட்சனும் அவர் குரலைப் பதிந்தார்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் இன்று நமக்கு ஹேண்ட்கொக்ஸின் இளமைக் குரலே இல்லை. அதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் கேட்டுப் பாருங்கள்: அவர் தனியாகப் பாடுகிறார். பருத்திக் காட்டுக் கூட்டங்களில் அவருக்கு மறுமொழி சொன்னவர்கள் அந்த அறையில் இல்லை. அதன் பின் அவர் பாட்டுகள் கைமாறி ஊர் சுற்றின, அவர் எங்கே என்று பல பத்தாண்டுகளாக யாரும் அறியவில்லை. 1980களில் அவரைக் கண்டுபிடித்து மீண்டும் மேடையேற்றினார்கள். 1992இல் காலமானார்.

நியூயோர்க்கில் ஓல்மனாக் பாடகர்கள் என்ற குழு 1941இல் சங்கப் பாட்டுகள் ஆறைத் தொகுத்து வெளியிட்ட இசைத்தட்டுத் தொகுப்பு, பின்பு 1955இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வழியாக இன்னும் பல பாட்டுகளோடு மறுபடி வந்தது. பீட் சீகரும் நண்பர்களும் மனமார உழைத்த வேலை அது. வேலைநிறுத்தக் கூட்டங்களில் நேரே போய்ப் பாடியவர்கள் அவர்கள். ஆனால் அந்தத் தட்டில் பின்பாட்டுச் சொல்வது பயின்ற குரல்கள். 1929 செப்டெம்பர் 14இல் வடகரோலினாவின் கஸ்தோனியாவில் சுட்டுக்கொல்லப்பட்ட பஞ்சாலைத் தொழிலாளி எல்லா மே விக்கின்ஸின் பாட்டுகளோ வேறொருவர் பாடித்தான் நம்மை வந்தடைந்தன. இவற்றோடு ஒப்பிடும்போது, பெயரில்லாத எங்கள் கரையின் பதினேழு நிமிடம் எத்தகைய செல்வம் என்பது புரிகிறது. கருவி முதலாளியுடையதாக இருந்தும், எடுப்பவருக்கு அருகிலேயே அது வைக்கப்பட்டிருந்தும், திருப்பிச் சொன்னவர்களின் குரல் அதற்குள் புகுந்துவிட்டது.

முதலாளி எப்போது நிறுத்தச் சொன்னார் என்பதை நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். எடுப்பவர் முதலில் கணக்குச் சொன்னபோது அவர் பொறுத்துக்கொண்டார். ஒருவன் பாடினால் அது கிண்டல், கரைவலையில் முதலாளியைக் கிண்டல் செய்ய இடமுண்டு. இரண்டு கயிறும் சேர்ந்து திருப்பிச் சொன்ன பிறகுதான் நிறுத்தச் சொன்னார். தொழிற்சங்கம் என்பது அந்த மறுமொழியில் இருக்கிறது என்பதை அந்தக் கரையில் மற்ற எல்லோருக்கும் முன்பே உணர்ந்தவர் அவர்தான்.

பின்னால் வருகிற குரல்கள்

அம்பா எடுத்தவர் உயிரோடு இல்லை. கயிறு பிடித்தவர் ஒருவரின் மனைவி இருக்கிறார். கரையில் மீன் வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றவர், எண்பதைக் கடந்தவர். மகள்தான் என்னை அவரிடம் கூட்டிப்போனார். எடுப்பவரின் பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்த்து நாடாவைப் போட்டேன்.

"அவரை எவரும் சொல்வார்கள், மனே. பின்னால் வருகிற ஆள்களைச் சொல்லட்டுமா?" என்றார்.

"அது எப்படிப் பெத்தா தெரியும்? எல்லாம் ஒன்றாகத்தானே கேட்கிறது."

"உனக்கு ஒன்றாகக் கேட்கிறது. நான் அந்த மணலில் உட்கார்ந்து எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். இந்தா, இப்போது இழுத்து முடிக்கிறானே, அவனுக்கு மூச்சுக் கட்டு. கடைசி 'லோ'வை விழுங்குவான்."

நாடாவை நிறுத்தி நிறுத்திப் பதினொரு பேரைச் சொன்னார். பெயர், என்ன உறவு, கயிற்றில் எந்த இடத்தில் நிற்பார், பிறகு என்ன ஆனார் என்று ஒவ்வொருவரையும் பற்றிச் சொன்னார். நான்கு பேரைக் கடல் கொண்டுபோன அந்தக் காலையைச் சொன்னபோது நாடாவை நான் மறுபடி தொடவில்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு அவரே "போடு" என்றார். கணக்குப் பாட்டு வந்ததும் சிரித்தார். அன்று மாலை பங்கு மாறியதா என்று கேட்டேன். மாறவில்லை, ஆனால் கயிற்றுக்காரருக்குக் கறிக்கென்று இன்னொரு கூடை மீன் வந்தது, அந்தக் காலம் முழுவதும் வந்தது என்றார். வரலாற்றில் எழுதப்படாத ஒரு கூடை. எனக்கு அது பெரிதாகவே தெரிகிறது.

தூரத்துக் கயிற்றில் சிலர் 'ஏலேலோ'வுக்கு முன் 'அல்லா' என்று ஓர் அசை சேர்க்கிறார்கள். முதலில் அதை 'எல்லாம்' என்று தவறாக எழுதிவைத்திருந்தேன். முஸ்லிம் ஊர்களிலிருந்து நடந்து வந்து இழுத்தவர்கள் அவர்கள் என்று அந்த அம்மா திருத்தினார். ஒரே கயிறு, ஒரே இழுப்பு, இரண்டு வேண்டுதல்கள். ஆர்கன்சோவில் 1934இல் சங்கம் தொடங்கக் கூடியவர்கள் பதினொரு வெள்ளையரும் ஏழு கறுப்பினத்தவரும் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை இன்றுவரை பேசப்படுகிறது. நம் கரையில் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே வன்முறை வெடித்த 1985க்கும் 1990க்கும் பிறகு அந்தக் கயிற்றை ஒன்றாகப் பிடிக்கும் நிலை அங்கே திரும்பவில்லை. இந்த நாடாவில் அது இன்னும் அறுபடாமல் இருக்கிறது.

நம் தொகுப்பாளர்களுக்கு நான் கடன்பட்டவன். தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் ஆட்டத்துக்குப் பாடும் வசந்தன் கவிகளைத் திரட்டித் தந்தார். வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் இல்லாமல் என்னைப் போன்றவர்களுக்குத் தொடக்கமே இல்லை. மலையகத்தில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடிய பாட்டுகளை 1940இல் அச்சிட்டு வைத்தார். தமிழில் தொழிற்சங்கப் பாட்டுக்கு அது அழியாத சான்று. ஆனால் அச்சுக்கு ஓர் எல்லை உண்டு. தாளில் 'ஏலேலோ' ஒரு சொல். கயிற்றில் அது இருபது பேரின் மூச்சு, அதில் தயக்கமும் இருக்கும் துணிவும் இருக்கும். நெற்சூடு மிதிக்கும் களமான களவெட்டியில் பொலிப் பாட்டு எடுக்கும்போது மாட்டின் பின்னால் நடப்பவர் சொல்லும் 'பொலி'க்கும், தூற்றுபவர் சொல்லும் 'பொலி'க்கும் உள்ள வேறுபாடும் அப்படித்தான். நெல்லை நெல் என்று சொல்லாத அந்தக் களத்தின் மரியாதை, எழுத்தில் ஒரு அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

பிற்காலத்தில் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றைச் சுற்றத் தொடங்கியது. வயலில் வேளாண்மை வெட்ட இயந்திரம் வந்துவிட்டது. இடுப்பு ஒடிய இழுத்தவர்களுக்கு இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இழுத்த கைகள் குறைந்தபோது பங்குக் கணக்கில் அவர்களுக்கு இருந்த இடமும் குறைந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. வின்ச்சைத் தளர்த்தச் சொல்லி எவரும் அம்பா எடுக்க முடியாது.

பட்டியலில் எழுதியது

நாடாவின் விவரத்தாளை மூன்று முறை எழுதினேன். தலைப்பில் முதலாளியின் பெயர் இருந்த இடத்தில் இப்போது கரையும் ஆண்டும் இருக்கின்றன. அதன் கீழே எடுப்பவர், அதன் கீழே அந்த அம்மா அடையாளம் காட்டிய பதினொரு பேர், அதன் கீழே 'அடையாளம் காணப்படாத குரல்கள், குறைந்தது ஒன்பது'. பொத்தானை அழுத்தியவர் யார், கருவி யாருடையது, நிறுத்தச் சொன்னவர் யார் என்பனவும் தனி வரிகளாக இருக்கின்றன. முதலாளியின் பேரனிடம் போய் எல்லாவற்றையும் காட்டினேன். தாத்தாவின் பெயரைப் பொதுவில் போட வேண்டாம், ஆனால் பதிவை மறைக்கவும் வேண்டாம் என்றார். அந்தப் பெருந்தன்மையை மதித்து இங்கும் பெயரை விட்டிருக்கிறேன். கயிற்றுக்காரரின் குடும்பங்களில் ஏழு வீடுகள் கேட்டுவிட்டன. மற்ற வீடுகளும் கேட்டுச் சம்மதித்த பிறகே பதிவு பொதுவில் வரும். பாட்டின் அடிகளை இங்கே எழுதாமல் பொருளை மட்டும் சொன்னதும் அதனால்தான்.

அந்த அம்மா பேசியதையும் முழுவதுமாகப் பதிந்து நாடாவோடு சேர்த்திருக்கிறேன். 1960இல் பிபிசி வானொலிக்காக இவான் மக்கோல், பெக்கி சீகர், சார்ள்ஸ் பார்க்கர் மூவரும் ஹெரிங் மீனவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தபோது, நடிகர்களைப் பேச வைக்காமல் மீனவர்களின் வாய்ப்பேச்சையே பாட்டுக்கு நடுவில் வைத்தார்கள். பேச்சும் பாட்டும் ஒன்றையொன்று விளக்கின. எங்கள் நாடாவும் அந்த அம்மாவின் பேச்சு இல்லாமல் பாதி ஊமை. கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்கும் ஊர் எங்களுடையது. அந்தப் பொறுமையோடு ஒருவர் இருபது வருஷம் மணலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அவரிடம் போய்க் கேட்க நாங்கள்தான் இத்தனை காலம் எடுத்தோம்.

இரைச்சல் நீக்கிய அந்த முதற் பிரதியை அழிக்கவில்லை. 'பிழையான பிரதி' என்று பெயரிட்டு மூலத்தின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இந்த வேலையைப் பழக வரும் இளையவர்களுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுகிறேன்.

சென்ற மாதம் மகள் மறுபடி அழைத்தார். தகரத்தின் அடியில், தாளுக்குக் கீழே இன்னொரு கசெட் இருந்திருக்கிறது. இதன் மேல் தந்தையின் கையெழுத்தில் 'ஆலைக் கூட்டம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. நாடாவின் ஓரங்களில் வெள்ளைப் பூஞ்சணம். சுருள் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டுச் சுழற்றினால் காந்தப் பூச்சு உரிந்து வந்துவிடும். சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வைத்து ஈரத்தை இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கும் முன் எடுத்துவிட வேண்டும்.